யோகராணி துவக்குத் தூக்கிய கதை

மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜில் அந்த ஆறுமாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் மாதத்தில் பத்து நாள் வேலை செய்யாது. ஆனால் செய்தி ஏறி இறங்க லிஃப்ட் தேவையில்லை. மூன்றாம் மாடியில் பிலோமினம்மா இருக்கிறார்.

ஐந்தாம் மாடி யோகராணி பல்கனியில் நின்று வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் சாத்தி, இறக்கி, மறுபடி சாத்தி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து வானத்தைக் குறி பார்த்ததை, எதிரே பஸ் தரிப்பில் நின்ற பிலோமினம்மாதான் முதலில் கண்டார். யூலை மாதக் கடைசி. அன்று பின்னேரத்துக்குள் கட்டிடத்தில் மூன்று கதைகள் உலாவின. யோகராணியின் முழங்கால் வருத்தத்துக்கு டொக்டர் புதுவிதப் பயிற்சி கொடுத்திருக்கிறார் என்பது ஒன்று. பல்கனியில் எச்சமிடும் புறாக்களை வெருட்டுகிறாள் என்பது இன்னொன்று. புருசன் நகுலேஸ்வரனுக்கு அடி விழப்போகிறது, ஒத்திகை நடக்கிறது என்பது மூன்றாவது. மூன்றாவதுக்குத்தான் ஆதரவு கூட.

உண்மை இந்த மூன்றையும்விடப் பெரியது.

யோகராணிக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபத்தெட்டு வருசமாக ஆஸ்பத்திரியில் துப்பரவு வேலை. யூலையில் ஆஸ்பத்திரிக்காரர் எல்லாரும் ஆற்றங்கரைப் பழைய கோட்டைக்கு ஒன்றுகூடலுக்குப் போனார்கள். கோழி வாட்டுகிற இடத்தில் வரிசை நீளமாக இருந்ததால், அவள் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று மதிலைச் சுற்றிப் போனாள். அங்கே இருநூற்றெழுபது வருசத்துக்கு முந்தின பிரெஞ்சு ராசாவின் படை நின்றது. சாம்பல் வெள்ளைக் கோட்டு, நீலக் கைமடிப்பு, மூன்று மூலைத் தொப்பி, ஆளுயரத் துவக்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒருவர் பஸ் ஓட்டுகிறவர், ஒருவர் பல் வைத்தியர், மற்றவர்களும் அந்த மாதிரித்தான். பழைய காலத்துச் சண்டையை நடித்துக் காட்டுகிற கழகம். வெயிலுக்குள் கம்பளிக் கோட்டுப் போட்டு வியர்ப்பதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம். தேர்த் திருவிழாவில் எங்கள் பெண்டுகள் காஞ்சிபுரம் உடுத்தி வியர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அவர்களுக்குத் தலைமை ஒரு பெண். சார்ஜன்ட் ஜெனவியேவ், முப்பத்திரண்டு வயது, மெலிந்த ஆள். கிழமை நாட்களில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், நாலு வயசுப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். ஆயுதம் தாங்கிய ஆண்களையும் அதே குரலில்தான் மேய்த்தாள். யோகராணி அரைமணித்தியாலம் அசையாமல் நின்று பார்ப்பதைக் கண்டு அவளே வந்து பேச்சுக் கொடுத்தாள்.

"விருப்பமென்றால் நீங்களும் சேரலாம் மதாம். சூப்புப் பானைக்கு ஓர் ஆள் தேவை. சலவைத் தொட்டிக்கும் தேவை. உடுப்பு நாங்களே தருவோம்."

யோகராணி பானையைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி போட்ட இரண்டு பெண்கள் அங்கேயிருந்து அன்பாகக் கை காட்டினார்கள்.

"கழுவுறதும் காய்ச்சுறதும் நான் சம்பளத்துக்கும் செய்யிறன், சம்பளம் இல்லாமலும் செய்யிறன்," என்றாள், தன் ஆஸ்பத்திரிப் பிரெஞ்சில். "அதுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. அந்தத் துவக்கைத் தாங்கோ."

ஜெனவியேவ் சிரித்துவிட்டு விதியைச் சொன்னாள். புதிதாக வருகிறவர்களுக்குக் கழகமே ஒரு துவக்கு இரவல் தரும். கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் பழகவேண்டும். ஒக்டோபரில் வருசக் கடைசி அணிவகுப்பு நடக்கும். அன்று காலை சோதனை. தன் துவக்கைத் தானே துடைத்து, தானே நிரப்பி, பிழையில்லாமல் மூன்று வெடி வைக்கவேண்டும். வைத்தால் பின்னேரம் அணியில் நின்று சுடலாம். ஏதாவது பிழைத்தால் அந்த வருசம் அவ்வளவுதான்.

"பிழைச்சால்?" என்று யோகராணி கேட்டாள்.

ஜெனவியேவ் சூப்புப் பானையைக் காட்டினாள்.

அன்றைக்கே யோகராணி பெயரைக் கொடுத்தாள். தும்புத்தடி பல்கனிக்கு வந்த காரணம் அதுதான்.

நகுலேஸ்வரனுக்கு விசயம் தெரியவந்தபோது அவர் சோற்றில் கை வைத்திருந்தார். சென்ட் லோரன்டில் மருந்துக் கொம்பனி வெயர்ஹவுஸில் வேலை, அது பக்கத் தொழில். உண்மையான வேலை கோயில் சபைச் செயலாளர். ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் நன்றியுரை அவருடையது.

"ராணி, நீர் என்ன விளையாடுறீரே?" என்றார். "செயலாளற்ற மனுசி துவக்கோட திரியிறா எண்டு சபையில கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நன்றியுரையில சேத்துச் சொல்லுங்கோ."

"வெடிச் சத்தம் போதுமெண்டுதானே ஊரை விட்டு வந்தனாங்கள்."

யோகராணி ரசத்தை அவருடைய கோப்பையில் ஊற்றினாள். "அது ஆரோ வைச்ச வெடியப்பா. எங்க விழும், எப்ப விழும் எண்டு தெரியாமல் பங்கருக்குள்ள இருந்து கேட்டனாங்கள். இது நான் வைக்கிற வெடி. குண்டும் இல்லை, வெறும் வெடிமருந்து. எப்ப வெடிக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

செயலாளர் ரசத்தைக் குடித்தார்.

சனிக்கிழமைகள் போயின. யோகராணிக்கு அதிசயமாக ஒன்று கைகொடுத்தது: அவளுடைய பிரெஞ்சு. இருபத்தெட்டு வருசமாக மேற்பார்வைக்காரர் அவளோடு கதைத்தது முழுக்கக் கட்டளை. எடு, வை, திருப்பு, தள்ளு, நில், கெதியாய். சார்ஜன்ட் கத்துகிறதும் அதே பிரெஞ்சுதான். பல்கலைக்கழகம் படித்த புதுப் பொடியன்கள் வலமிடம் தெரியாமல் முழுசிக்கொண்டு நிற்க, யோகராணி சொன்ன மாத்திரத்தில் திரும்பினாள்.

துவக்கு லேசானதல்ல. பத்து றாத்தல் இரும்பும் மரமும். அதன் வலப்பக்கத்தில் ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு ஓர் இரும்புத் தாடை இருக்கும். பிரெஞ்சுக்காரர் அதை நாய் என்பார்கள். விசையை இழுத்தால் நாய் பாய்ந்து எதிரே நிற்கும் தகட்டில் கல்லை உரசும். பொறி பறக்கும். பொறி விழுவதற்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு சிட்டிகை மருந்து. கிண்ணத்தை ஒட்டிக் குழாயில் ஒரு துளை, காதில் தோட்டுக்குக் குத்திய ஓட்டையளவு. அந்தத் துளையால் நெருப்பு உள்ளே புகுந்தால்தான் பெரிய வெடி. புகாவிட்டால் வெளியே ஒரு புஸ், ஒரு புகை. நனைந்த பூவாணம் மாதிரி அசிங்கமாய் முடிந்துவிடும்.

அதனால் நிரப்புமுன் ஒவ்வொரு தடவையும் சின்ன ஊசியால் துளையைக் குத்திப் பார்க்கவேண்டும். சார்ஜன்ட் கேட்பாள், "திறந்திருக்கிறதா?" சிப்பாய் சொல்லவேண்டும், "திறந்திருக்கிறது." ஜெனவியேவ் இதைச் சனிக்கு நாற்பது தரம் கேட்டாள்.

மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழிப்பதில் யோகராணியை வெல்ல ஆளில்லை. முறுக்கு, மிக்சர், பிள்ளையின் பள்ளிக்கூட யூஸ் பக்கெட் என்று எல்லாவற்றையும் பல்லால் திறந்து வளர்ந்த வாய். அவள் கடித்துத் துப்புகிற ஒவ்வொரு தரமும் பக்கத்தில் நின்ற பல் வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குறை என்றால் ஒன்றுதான். கிண்ணத்தில் நெருப்புப் பற்றுகிறபோது அவளுக்குக் கண் மூடிவிடும். அதைச் செப்ரெம்பர் முழுக்கப் பழகி ஒரு மாதிரித் திறந்து வைத்தாள்.

செப்ரெம்பரில் பிலோமினம்மாவுக்கும் முழு உண்மை கிடைத்தது. கிடைத்த விதம் பெரிய துப்பறிதல் இல்லை. நேரே ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "பிள்ளை, எனக்கு எழுபத்தொரு வயசு, சாகிறதுக்கு முதல் சொல்லு, தும்புத்தடியால என்ன செய்யிறாய்?" என்று கேட்டார்.

யோகராணி சொன்னாள். பிலோமினம்மா மடுமாதாவைக் கூப்பிட்டார். பிறகு தேநீர் கேட்டார். இரண்டாவது மிடறில், "அணிவகுப்பு எண்டைக்கு?" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூசைக்கு அடுத்த நாள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அன்ரி, சோதினை பாஸாகாட்டி வெக்கம்."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்," என்றார் பிலோமினம்மா. அவருக்கு ஏற இன்னும் ஒரு மாடி மிச்சம் இருந்தது.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெனவியேவ் தன் காரில் துவக்கைக் கொண்டுவந்து இறக்கினாள். சிப்பாய் தன் வீட்டில் வைத்துத் தானே துடைத்துக் கொண்டுவரவேண்டும் என்பது விதி. மருந்து கிடையாது, விசைக்குச் சின்னப் பூட்டு, மேலே துணியுறை. யோகராணி அதை மகள் நிருஷாவின் பழைய அறையில் மேசைமேல் கிடத்தினாள். நிருஷா ஒட்டாவாவில் வேலை. அறையை இஸ்திரிப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அன்றே யோகராணி வெந்நீர் விட்டு, எண்ணெய் போட்டு, துளையை மூன்று தரம் ஊசியால் குத்தி, ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

"நாளைக்கு ஆயுத பூசை," என்றார் நகுலேஸ்வரன், வாசலில் நின்று.

"ஓம்."

"எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறனான்."

"இதுக்கு வைக்கேலாது. இது கழகத்துச் சாமான். சார்ஜன்ட் விரல் அடையாளம் கண்டாலே கத்துவா. உங்கட சந்தனம் குங்குமம் ஒண்டும் இதுக்குக் கிட்டவும் வரக்கூடாது."

"சரி, சரி. நான் என்னத்துக்கு," என்றார் அவர்.

சனிக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. திரும்பி வந்தபோது வீடு சந்தன வாசம். வெட்டுக்கத்தி, தேங்காய்த் துருவலை, ரைஸ் குக்கர், கார்த் திறப்பு, டயர் மாற்றுகிற ஜக், சபையின் அறிக்கைப் புத்தகம் என்று எல்லாம் நெற்றியில் பொட்டோடு வரிசையாக இருந்தன. அறைக்குள் போய்ப் பார்த்தாள். துவக்கு துணியுறைக்குள், வைத்தபடியே. அவளுக்குத் திருப்தி. அவல் சாப்பிட்டாள், படுத்தாள்.

ஞாயிறு காலை குளிர்ந்து பளிச்சென்று விடிந்தது. ஆற்றங்கரை மேப்பிள் மரங்கள் எல்லாம் சிவப்பு. யோகராணி சாம்பல் கோட்டும் தொப்பியும் போட்டுத் துவக்கோடு கோட்டை முற்றத்தில் போய் நின்றபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கிற சனம் கொஞ்சம்தான். பத்து மணிக்கு வாகனத் தரிப்பில் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியது பிலோமினம்மா. பிறகு கட்டிடம் இறங்கியது. பிறகு கோயில் சபை. பிறகு மொன்ட்ரியால்-நோரிலிருந்து யாரோ, யோகராணி ஆரென்றே தெரியாதவர்கள், ஆனால் பஸ்ஸில் இடமிருந்தது. நாற்பது பேருக்குக் குறையாது. கட்லட், ரோல்ஸ், புளிச்சாதம், மடக்குக் கதிரை, கம்பளிப் போர்வை. கடைசியாக நகுலேஸ்வரன், சபைச் சால்வையோடு.

"ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டெல்லே சொன்னீங்கள்," என்றாள் யோகராணி, கயிற்றருகே போய்.

"நான் ஒராளுக்குத்தான் பிள்ளை சொன்னனான்," என்றார் பிலோமினம்மா. "அந்தாள் ஓட்டை வாய்."

பதினொரு மணிக்குச் சோதனை. முற்றத்தின் நடுவில் ஜெனவியேவும் யோகராணியும் மட்டும். தமிழ்ச் சனம் கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் மாதிரி எழும்பி நின்றது.

"துளை திறந்திருக்கிறதா?" என்று சார்ஜன்ட் கேட்டாள்.

ஊசி யோகராணியின் இடுப்பில் சங்கிலியில் தொங்கியது. வெள்ளிக்கிழமை மூன்று தரம் குத்தியது அவளுக்கு நினைவிருந்தது. விரல் விறைத்திருந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திறந்திருக்கிறது," என்றாள்.

பொட்டலத்தைக் கடித்தாள், துப்பினாள். கிண்ணத்தில் சிட்டிகை, மூடி, மிச்சத்தைக் குழாய்க்குள் விட்டாள். ஒரு காலைப் பின்னுக்கு வைத்தாள். கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். நாய் பாய்ந்தது. கிண்ணத்தில் பளிச்சென்று நெருப்பு, புஸ், வெள்ளைப் புகை.

அவ்வளவுதான்.

"முடிஞ்சுதோ?" என்று சபைப் பொருளாளர் கேட்டது முற்றம் முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் கைதட்டிவிட்டு நிறுத்தினார்.

யோகராணி பழகியபடி குழாயை வானத்துக்குக் காட்டி அசையாமல் நின்றாள். சார்ஜன்ட், பிந்தி வெடிக்கலாம் என்று மனதுக்குள் எண்ணி முடித்துவிட்டு, துவக்கை வாங்கி, உள்ளே கிடந்த மருந்து செத்துப்போகத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு ஊசியால் துளையைக் குத்தினாள். ஊசி போகவில்லை. மறுபடி குத்தினாள். காய்ந்த சீமெந்து மாதிரி ஒன்று பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மஞ்சள். நடுவில் கொஞ்சம் சிவப்பு. ஜெனவியேவ் அதை உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்தாள்.

"இது என்ன? நல்ல வாசமாக இருக்கிறது."

யோகராணிக்கு மணக்கத் தேவையிருக்கவில்லை. அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நகுலேஸ்வரன் அதற்குள் கயிற்றைத் தாண்டிப் பாதி வழி வந்துவிட்டார்.

"செ முவா," என்றார் சார்ஜன்டிடம், நான்தான் என்று நெஞ்சில் கை வைத்து. அதோடு பிரெஞ்சு தீர்ந்துவிட்டது. மிச்சத்தைத் தமிழில் மனைவிக்குச் சொன்னார். "நான்தான் வைச்சனான். எல்லாத்துக்கும் வைச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காமல் விட மனம் வரேல்லை. மேல பூசினால் நீர் ஏசுவீர் எண்டு ஒரு துளிதான் வைச்சனான். அதில ஒரு குழி இருந்தது, பொட்டளவா, வடிவா இருந்தது. பேந்து பயத்தில ஈரத்துணியால துடைச்சனான். வெளியால போட்டுது."

"உள்ளுக்க போகேல்லை," என்றாள் யோகராணி.

"உமக்கு மூஞ்சையில வெடிச்சிடுமெண்டு பயமாக் கிடந்தது ராணி. அதுக்குத்தான் வைச்சனான். கேட்டால் பகிடி பண்ணுவீர்."

"மெஸ்யூ," என்றாள் ஜெனவியேவ், கார்டெரிக் குரலில். "கயிற்றுக்கு அந்தப் பக்கம்."

கோயில் சபைச் செயலாளர், நாலு வயசுக்காரர் மாதிரித் திரும்பி நடந்து, கயிற்றைக் குனிந்து கடந்து, அந்தப் பக்கம் நின்றார்.

ஜெனவியேவ் யோகராணியைப் பார்த்தாள். யோகராணி தனக்கு விளங்கியதைப் பிரெஞ்சில் சொன்னாள்: புருசன், பூசை, சந்தனம். சார்ஜன்டின் வாய் ஓரம் துடித்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை.

"உன் கணவர் வைத்தது விளங்குகிறது. நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீ குத்திப் பார்த்தாயா?"

இந்த இடத்தில் ஒரு வழி திறந்தே கிடந்தது. பிழைக்குச் சொந்தக்காரர் கயிற்றருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், ஒப்புக்கொண்டும் விட்டார். குத்தினேன், அப்போது திறந்திருந்தது என்று சொன்னால் நம்பலாம். யோகராணி சூப்புப் பானைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அங்கே வெள்ளைத் தொப்பிப் பெண்கள் கரட் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை," என்றாள். "குத்தேல்லை. வெள்ளிக்கிழமை குத்தினது. இண்டைக்குக் குத்தாமல்தான் திறந்திருக்கு எண்டு சொன்னனான்."

ஜெனவியேவ் சந்தனப் பொருக்கைக் கையிலிருந்து தட்டினாள்.

"என் கார்டெரியில் கை கழுவினாயா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் கழுவினேன் என்றுதான் சொல்லும்," என்றாள். "கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப அனுப்புவேன். போய்க் கழுவிக்கொண்டு வா. ஒரு மணிக்கு, மற்றவர்கள் சாப்பிடுகிற நேரம் பார்க்கிறேன். இன்னொரு தரம் இல்லை."

கழுவுவதற்குக் கொதிநீர் வேண்டும், பச்சைத் தண்ணீரில் சந்தனமும் மருந்துக் கரியும் அசையாது. பானையில் சூப்பு. தொட்டியில் சவர்க்காரம். யோகராணி துவக்கோடு கயிற்றருகே வந்தபோது பிலோமினம்மா மடக்குக் கதிரையிலிருந்து எழும்பாமலே கேட்டார், "என்ன பிள்ளை தேடுறாய்?"

"சுடுதண்ணி அன்ரி."

பிலோமினம்மா காலடியில் இருந்த பையை இழுத்தார். மூன்று பெரிய பிளாஸ்க். நாற்பது பேருக்குத் தேநீர் போடவென்று விடிய எழும்பிக் கொதிக்கவைத்தது. தமிழ்ச் சனம் மூன்று மணித்தியாலம் தேநீர் இல்லாமல் வெளியே இருக்காது என்பது அவர் அறிந்த உண்மை. இப்போது அவர் நாற்பது முகங்களையும் பார்த்தார். நாற்பது பேரும் பிளாஸ்க்கைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் ஒருநாளைக்கு கோக் குடியுங்கோ," என்று அறிவித்துவிட்டு மூடியைத் திருகினார். "ஆனால் பிள்ளை, மனுசன் என்ன சொன்னவர், சார்ஜன்ட் என்ன சொன்னவ, நீ என்ன சொன்னனி, முழுக்கச் சொல்லவேணும். ஒண்டும் விடக்கூடாது."

"ஊத்துங்கோ, சொல்லுறன்."

பிலோமினம்மா ஊற்ற, யோகராணி சொன்னாள். குழாய்க்குள் விட்ட வெந்நீர் துளையால் முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது, மஞ்சளாக. பிறகு கரியாக. மூன்றாவது பிளாஸ்க்கில் ஊசியளவு நூலாகப் பீறிட்டு நகுலேஸ்வரனின் சப்பாத்தை நனைத்தது. இரும்பு சுட்டது, கையால் பிடிக்க முடியவில்லை. நகுலேஸ்வரன் சபைச் சால்வையைக் கழற்றி, குழாயைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்தார். பொருளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நகுலேஸ்வரன் பார்த்த பார்வையில் ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

"கோவமோ?" என்று நகுலேஸ்வரன் மெதுவாகக் கேட்டார்.

"ஓம்," என்றாள் யோகராணி. "வடிவாப் பிடியுங்கோ. வாயைக் கீழ சரியுங்கோ, தண்ணி வடியட்டும்."

அவர் சரித்தார். இரும்பின் சூட்டிலேயே உள்ளீரம் ஆவியாகி எழும்பியது. கோட்டை முற்றம் முழுக்கக் கோயில் உள்வீதி மாதிரி மணந்தது. சூப்புக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வந்து, இந்த எண்ணெய் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டாள்.

ஒரு மணிக்கு யோகராணி திரும்ப முற்றத்தின் நடுவில் நின்றாள்.

"திறந்திருக்கிறதா?"

அவள் ஊசியை எடுத்துக் குத்தினாள். உள்ளே போனது, வெளியே வந்தது. இன்னொரு தரம் குத்தினாள். துளையில் வாயை வைத்து ஊதினாள். குழாயின் வாயால் காற்று வருகிறதா என்று கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜெனவியேவ் பொறுமையாக நின்றாள். சனம் பொறுமையில்லாமல் நின்றது.

"திறந்திருக்கிறது."

முதல் வெடி கோட்டை மதிலில் பட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. தோளில் ஒரு தள்ளு. முகத்தில் சுடுகாற்று. கந்தக மணம், அதற்குப் பின்னால் இன்னும் விடாமல் ஓர் இழை சந்தனம். இரண்டாவது வெடிக்குப் பொட்டலத்தைக் கடித்தபோது உதடு கறுத்திருந்தது. மூன்றாவது வெடி வெடித்ததும் சார்ஜன்ட் புத்தகத்தில் ஏதோ எழுதினாள், மூடினாள், அணியின் இடக்கோடியைக் காட்டினாள்.

"பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நில்," என்றாள். "கடிக்கும்போது அவருக்குக் காட்டாதே."

யோகராணி சிரிக்கக்கூடாது என்று உள்ளே கன்னத்தைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நாற்பது பேர் கத்துவது காதில் விழுந்தது. யாரோ அரோகரா என்றார்கள், யாரோ அதை அடக்கினார்கள்.

இரண்டு மணிக்கு மத்தளம் அடித்தது. பதின்மூன்று பேர் வரிசையில். யோகராணி கடைசி. கோட்டின் கை இரண்டு அங்குலம் நீளம், தொப்பி புருவத்தில். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்ச் சனம் முன்வரிசையை முழுக்கப் பிடித்திருந்தது. நகுலேஸ்வரன் ஈரச் சால்வையோடு நடுவில் நின்று கைத்தொலைபேசியில் நிருஷாவுக்கு நேரலை காட்டிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி அவருடைய விரல்தான் தெரிந்திருக்கும்.

"ஆயத்தம்."

பதின்மூன்று நாய்கள் பின்னுக்குப் போயின.

"குறி."

பதின்மூன்று குழாய்கள் ஆற்றுக்கு மேலே வானத்தைப் பார்த்தன.

"சுடு."

இதுவரை ஒவ்வொன்றாகக் கேட்ட வெடி வேறு, பதின்மூன்றும் ஒன்றாகப் போவது வேறு. நிலம் அதிர்ந்தது. மேப்பிள் மரத்திலிருந்து ஒரு கூடை இலை கொட்டியது. யோகராணி கண்ணை மூடவில்லை. நெருப்பைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், புகை விலகியபோது கயிற்றைப் பார்த்தாள்.

முன்வரிசையில் ஒருவரும் இல்லை.

கியூபெக் சனம் நின்ற இடத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. தமிழ்ச் சனம் நாற்பதும் குப்புறப் புல்லில் கிடந்தது. பொருளாளர் கதிரைக்கு அடியில். இரண்டு பெண்டுகள் ஒரே கம்பளிக்குள். நகுலேஸ்வரன் கைத்தொலைபேசியை நெஞ்சுக்குள் அணைத்தபடி, தலைக்குமேல் ஒரு கை. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊரில் வெடிச் சத்தத்துக்குப் பழகினதை, முப்பது வருசமாகியும் உடம்பு தானாகச் செய்தது.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. யோகராணிக்கு வரிசையை விட்டு ஓடிப்போகக் கால் உன்னியது.

அப்போது புல்லுக்குள்ளிருந்து பிலோமினம்மாவின் சிரிப்பு கேட்டது. முதலில் கிக்கிக்கென்று, பிறகு அடக்கமாட்டாமல். "எழுபத்தொரு வயசில படுத்த வேகத்தைப் பாத்தியளே," என்றார். "எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு. ஆராவது பிடியுங்கோ." பக்கத்தில் கிடந்தவர் சிரித்தார். பிறகு கதிரைக்கு அடியில் கிடந்தவர். பிறகு நாற்பதும். புல்லைத் தட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மூக்கைச் சீறிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். நகுலேஸ்வரன் தலையில் ஒரு சிவப்பு இலையோடு எழும்பினார். தொலைபேசிக்குள்ளிருந்து நிருஷா, "அப்பா, என்ன நடந்தது, ஏன் எனக்கு வானம் தெரியுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெனவியேவ் சனத்தைப் பார்த்தாள். யோகராணியைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தவா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

யோகராணி தலையை ஆட்டுமுன் பிலோமினம்மா கயிற்றைப் பிடித்து நிமிர்ந்து நின்றுவிட்டார். தன் மன்னார்ப் பிரெஞ்சில், முற்றம் முழுக்கக் கேட்க, "மதாம், ஆங்கோர்," என்றார். இன்னொரு தரம். பின்னால் நாற்பது பேரும் அதையே சொன்னார்கள். இந்தமுறை நிற்கப்போகிறோம் என்று ஒருவர் சத்தியம் செய்தார்.

"நிரப்பு," என்றாள் சார்ஜன்ட். "துளை?"

பதின்மூன்று ஊசிகள் குத்தின. கடைசி ஊசி மட்டும் இரண்டு தரம் குத்தியது.

"திறந்திருக்கிறது," என்று யோகராணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பல் வைத்தியருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பொட்டலத்தைக் கடித்தாள்.